அப்லேஷனுக்குப் பின்: தூரத்திலிருந்து இதயத்தைக் கவனிப்பது எதற்காக?

அப்லேஷன் முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் நோயாளி மருத்துவரிடம் கேட்பது அநேகமாக ஒரே கேள்விதான்: "இனிமே வராதுல்ல டாக்டர்?" சின்னக் கேள்வி. ஆனால் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டுமானால் அந்த இதயத்தை எவ்வளவு நேரம், எந்தக் கருவியால் பார்க்கப் போகிறோம் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். பார்க்கும் முறை மாறினால் பதிலும் மாறிவிடுகிறது. இதயவியல் துறை இதை உணர்ந்துகொள்ளவே ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஆயின.

இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் தாறுமாறாக நடுங்குவதுதான் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (ஏ.எஃப்.). 1998இல் பிரான்சின் போர்தோ நகரில் மிஷெல் ஹைசாகேரின் குழு 45 நோயாளிகளை ஆராய்ந்தது. நடுக்கத்தைக் கிளப்பிவிடும் மின்பொறிகளில் 94 விழுக்காடு, நுரையீரலிலிருந்து இதயத்துக்கு ரத்தம் கொண்டுவரும் சிரைகளுக்குள் பிறப்பதை அது கண்டறிந்தது. தொடை வழியாகக் கதீட்டரைச் செலுத்தி, அந்தச் சிரைகளின் வாயைச் சுற்றி வடு உண்டாக்கி, பொறி மேலறைக்குள் பாயாமல் தடுப்பதே இன்றைய அப்லேஷனின் அடிப்படை. முதலில் வெப்பத்தால் செய்தார்கள், பிறகு கடுங்குளிரால். இப்போது மின்புலத் துடிப்புகளாலும் செய்கிறார்கள். எந்த முறையில் செய்தாலும் வடுவில் ஓரிடத்தில் சிறு இடைவெளி மிஞ்சினால் போதும், பொறி மறுபடியும் உள்ளே வர வழி கிடைத்துவிடும்.

மறுபடியும் வந்தால் நோயாளிக்கே தெரியாதா? பெரும்பாலும் தெரிவதில்லை. கனடாவைச் சேர்ந்த அதுல் வர்மாவின் குழு 2013இல் வெளியிட்ட டிஸ்கர்ன் ஏ.எஃப். ஆய்வு இதைக் கண்கூடாகக் காட்டியது. 50 பேருக்கு மார்பின் தோலடியில் பதிவுக் கருவியை வைத்து, அப்லேஷனுக்கு முன்னும் பின்னும் கவனித்தார்கள். அப்லேஷனுக்கு முன் வந்த நடுக்கங்களில் ஏறக்குறைய பாதி நோயாளி உணராதவை. அப்லேஷனுக்குப் பின் வந்தவற்றில் 79 விழுக்காடு உணரப்படாதவை. பங்கேற்றவர்களில் 12 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியிருந்தும் ஒருமுறைகூடப் படபடப்பு தெரியவில்லை. காரணங்கள் பல. திரும்பி வரும் நடுக்கம் சிறிது நேரமே நீடிக்கிறது; துடிப்பு வேகமும் முன்னைப்போல் ஏறுவதில்லை; இதயத்தைச் சுற்றியுள்ள நரம்பு முடிச்சுகளில் சில சிகிச்சையில் பாதிக்கப்படுவதால் உணர்வும் மங்கக்கூடும். "எனக்கு ஒண்ணும் தெரியலை, நல்லா இருக்கேன்" என்று நோயாளி சொல்வதை மட்டும் வைத்து நோய் போய்விட்டது என்று எழுதிவிட முடியாது. நன்றாக இருக்கிறேன் என்பது உண்மைதான். நோய் போய்விட்டதா என்பது வேறு கேள்வி.

வழக்கமான கண்காணிப்பு என்ன? மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், ஓராண்டு முடிவில் ஒரு ஈ.சி.ஜி.; கூடவே உடலில் மாட்டியபடியே எடுக்கும் 24 மணி நேர ஹோல்டர் பதிவு. அதாவது 365 நாட்களில் 3 நாள், ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. வாரத்தில் இரண்டு மணி நேரம் மட்டும் வந்து போகும் நடுக்கம் அந்த மூன்று நாட்களில் சிக்காமல் போக எல்லா வாய்ப்பும் உண்டு. சிக்காவிட்டால் 'வெற்றி' என்று பதிவாகும். பழைய ஆய்வுகளில் 70, 80 விழுக்காடு என்று வந்த வெற்றிக் கணக்குகளை இந்தச் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும்.

இங்கேதான் 30 விநாடி விதி நுழைகிறது. சிகிச்சையின் அழற்சி ஆறும்வரை விட்டுவைக்கும் தொடக்கப் பொறுத்தல் காலம் முடிந்தபின் 30 விநாடி நீடிக்கும் ஒரு நடுக்கம் பதிவானாலும் அப்லேஷன் தோல்வி என்று கணக்கிடுவதைச் சர்வதேச நிபுணர் குழுக்கள் நெடுங்காலமாக அளவுகோலாக வைத்திருந்தன. 30 விநாடி நடுங்கினால் இன்ன தீங்கு வரும் என்று யாரும் நிறுவியதில்லை. ஆய்வுகளை ஒன்றோடொன்று ஒப்பிட ஒரு பொது எல்லை தேவைப்பட்டது. அதற்காக ஒப்புக்கொண்ட எண் அது. ஆண்டுக்கு மூன்று நாள் மட்டும் பார்த்த காலத்தில் அதனால் பெரிய தொல்லை இல்லை. 365 நாளும் பார்க்கத் தொடங்கியபின்தான் அதன் குறை வெளிப்பட்டது.

2019இல் வெளிவந்த சர்க்கா-டோஸ் ஆய்வில் கனடாவின் 8 மையங்களைச் சேர்ந்த 346 பேர் பங்கேற்றனர். எல்லோருக்கும் தோலடிக் கருவி வைத்தார்கள். ஓராண்டு முடிவில் பழைய விதிப்படி பார்த்தால் ஏறத்தாழ பாதிப் பேருக்கு நோய் திரும்பியிருந்தது, அதாவது பாதித் தோல்வி. அதே நோயாளிகள், அதே பதிவுகள்தான். ஆனால் மொத்த நேரத்தில் எத்தனை பங்கு இதயம் நடுக்கத்தில் இருந்தது என்று கணக்கிட்டபோது, அந்தச் சுமை இடைநிலை அளவில் 98 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருந்தது. முன்பு வாரத்துக்குப் பத்து மணி நேரம் அவதிப்பட்டு, இப்போது மாதத்துக்கு ஐந்து நிமிடம் மட்டும் நடுக்கம் வரும் ஒருவரைத் 'தோல்வி' என்று சொல்லும் அளவுகோல் அவருடைய வாழ்க்கையை அளக்கவில்லை.

நடுக்கச் சுமை என்ற இந்த அளவு உயிருடனும் தொடர்புள்ளது. இதயச் செயலிழப்பு உள்ள 363 பேரை வைத்து நடந்து 2018இல் வெளிவந்த காசில்-ஏ.எஃப். ஆய்வில், தூரக் கண்காணிப்பு வசதியுள்ள டிஃபிப்ரிலேட்டர் பொருத்தியவர்களை மட்டுமே சேர்த்தார்கள். இறப்போ, இதயச் செயலிழப்பு மோசமாகி மருத்துவமனையில் சேர்வதோ அப்லேஷன் செய்தவர்களில் 28.5 விழுக்காடு; மருந்து மட்டும் பெற்றவர்களில் 44.6 விழுக்காடு. பின்னர் அதே பதிவுகளை அலசியபோது, ஆறாவது மாதத்தில் நடுக்கச் சுமை 50 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தவர்களின் நிலை தெளிவாக மேம்பட்டிருந்தது. முழுக்க ஒழிய வேண்டும் என்பதுகூட இல்லை, பாதிக்குக் கீழே வந்தாலே பலன் தெரிந்தது. எனக்கு இந்தத் துறையில் மிக முக்கியமாகப் படும் தகவல் இதுதான். தொடர் கண்காணிப்பு இல்லாமல் இந்தக் கணக்கைப் போட்டிருக்கவே முடியாது.

அப்லேஷனால் வரும் பலன் வெறும் மனத்திருப்தியோ என்ற பழைய ஐயத்தையும் தோலடிக் கருவிதான் தீர்த்தது. 2024இல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றில் 126 பேரில் ஒரு பாதிக்கு உண்மையான சிகிச்சை. மறுபாதிக்கு மயக்கமும் கதீட்டரும் உண்டு, வடு மட்டும் போடவில்லை. யார் எந்தப் பாதி என்று நோயாளிக்குத் தெரியாது. தோலடிக் கருவி காட்டிய சுமைக் குறைவு சிகிச்சை பெற்றவர்களுக்குச் சராசரியாக 60 விழுக்காடு, மற்றவர்களுக்கு 35 விழுக்காடு. வாழ்க்கைத் தரமும் சிகிச்சை பெற்றவர்களுக்கே கூடுதலாக மேம்பட்டது. 2025இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் மின்புலத் துடிப்பு முறையையும் குளிர் பலூன் முறையையும் 210 பேரிடம் தொடர் கண்காணிப்புடன் ஒப்பிட்டபோது, நோய் திரும்பியது முறையே 37.1 விழுக்காடும் 50.7 விழுக்காடும். புதிய முறை மேம்பட்டதுதான். ஆனாலும் இடைவிடாமல் பார்த்தால் மூன்றில் ஒருவருக்கு மேல் ஏதோ ஒரு பதிவு வரத்தான் செய்கிறது.

கருவிகளின் கதை நாம் நினைப்பதைவிடப் பழையது. ஈ.சி.ஜி.யைத் தந்த வில்லெம் ஐன்தோவன், நெதர்லாந்தின் லைடன் நகர மருத்துவமனையிலிருந்த நோயாளியின் இதய அலைகளைத் தொலைபேசிக் கம்பி வழியே 1.5 கிலோமீட்டர் தள்ளியிருந்த தம் ஆய்வகத்துக்கு அனுப்பிப் பதிவு செய்தார். 1906இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் நார்மன் ஹோல்டர் 1940களில் முதுகில் சுமந்து நடந்த வானொலிக் கருவியின் எடை 38 கிலோ அளவு. இன்று தோலடியில் வைக்கும் லூப் ரெக்கார்டர் நான்கு கிராமுக்கும் குறைவு. மின்கலம் நான்கைந்து ஆண்டு உழைக்கும். நோயாளி தூங்கும்போது அன்றைய பதிவை மருத்துவமனைக்கு அனுப்பிவிடும்.

ஒவ்வொன்றும் பார்க்கும் விதம் வேறு. கடிகாரத்தின் பின்புறம் மினுங்கும் பச்சை ஒளி ரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தைத்தான் பார்க்கிறது. அதிலிருந்து துடிப்புகளுக்கு இடையிலான நேரத்தை ஊகிக்கிறது. இரண்டு கை விரல்களை வைத்து 30 விநாடி எடுக்கும் சட்டைப்பைக் கருவியும், விரலால் தொட்டு எடுக்கும் ஸ்மார்ட் வாட்ச் ஈ.சி.ஜி.யும் உண்மையான மின்பதிவு தருகின்றன. மருத்துவர் அந்தப் பதிவில் தேடுவது இரண்டு விஷயங்கள். ஒவ்வொரு உயர்ந்த முனைக்கும் முன்னால் வர வேண்டிய சிறு மேடான 'பி' அலை இருக்கிறதா? முனைகளுக்கு இடையே உள்ள தூரம் ஒழுங்காக இருக்கிறதா? 'பி' அலை காணாமல், தூரமும் தாறுமாறாக இருந்தால் நடுக்கம். கை ஆடினால், விரல் வறண்டிருந்தால் கோடு முழுக்கப் பிசிறு தட்டி, அந்தச் சிறு மேடுதான் முதலில் மறையும். மேசையில் முழங்கையை ஊன்றி, பேசாமல், விரலைச் சற்று ஈரப்படுத்திக்கொண்டு எடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

அப்லேஷன் ஆனவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இங்கே இருக்கிறது. இவர்களுக்குத் திரும்பி வருவது எப்போதும் பழைய தாறுமாறான நடுக்கமாக இருப்பதில்லை. வடுக்களைச் சுற்றி மின்சாரம் வட்டமடிக்கும் ஏட்ரியல் ஃப்ளட்டராகவோ மேலறை விரைதுடிப்பாகவோ வரலாம். அப்போது நாடி நிமிடத்துக்கு 140, 150 என்று ஓடும், ஆனால் ஒழுங்காக ஓடும். வீட்டுக் கருவிகளில் பெரும்பாலானவை ஒழுங்கின்மையைத் தேடவே பழக்கப்பட்டவை. ஒழுங்காக ஓடும் விரைதுடிப்பைக் கண்டால் அவை பேசாமல் இருக்கும், அல்லது 'முடிவு செய்ய இயலவில்லை' என்று விட்டுவிடும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது 140க்கு மேல் நாடி நிலையாக நின்றால், திரையில் என்ன எழுதியிருந்தாலும் அந்தப் பதிவு ஒரு மருத்துவரின் கண்ணுக்குப் போயாக வேண்டும். தோலடிக் கருவியும் குறையற்றதில்லை. அதுவும் முக்கியமாகத் துடிப்பு இடைவெளியை வைத்தே கணிக்கிறது. பல கருவிகள் 2 நிமிடத்துக்குக் குறைந்த நடுக்கத்தைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அடிக்கடி வரும் தனித்த முன்துடிப்புகளை நடுக்கம் என்று தவறாக எண்ணி அனுப்புவதும் உண்டு.

முதல் இரண்டு மாதங்களைத் தனியாகப் பேச வேண்டும். சிகிச்சைக்குப் பிந்தைய அழற்சியால் இந்தக் காலத்தில் நடுக்கம் வருவது சகஜம். அதை வைத்துத் தோல்வி என்று முடிவுகட்டுவதில்லை. இந்தப் பொறுத்தல் காலம் முன்பு மூன்று மாதமாக இருந்தது. 2024 சர்வதேச ஒப்பந்த அறிக்கை எட்டு வாரமாகக் குறைத்தது. ஓய்வு நாடி பழைய அளவைவிடப் பத்துத் துடிப்பு போல் கூடியிருப்பதும் பலருக்கு நேரும். முன்பு 62 காட்டிய கடிகாரம் இப்போது 74 காட்டுகிறதே என்று பதறி வருகிறவர்கள் நிறையப் பேர். சிரைகளை ஒட்டிய நரம்பு முடிச்சுகள் பாதிக்கப்படுவதன் விளைவு இது, பொதுவாகத் தீங்கில்லாதது. வீட்டுக்கு அனுப்பும்போதே இதைச் சொல்லிவிட்டால் எத்தனையோ இரவுகளின் கவலை மிச்சமாகும்.

ஆனால் இதே வாரங்களில்தான் எந்தத் தாளக் கருவியும் காட்டாத ஆபத்து ஒன்று ஒளிந்திருக்கிறது. இடது மேலறையின் பின்சுவரை ஒட்டியே உணவுக்குழாய் போகிறது. வெப்பம் அங்கே பாய்ந்து புண்ணாகி, அபூர்வமாக இரண்டுக்கும் இடையே துளை விழுந்துவிடும். 2023இல் வெளியான பன்னாட்டுப் பதிவேட்டின்படி இது 0.025 விழுக்காடு, அதாவது பத்தாயிரத்துக்கு இரண்டு மூன்று பேர். ஆனால் வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பிழைக்கவில்லை. இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள், சில சமயம் இரண்டு மாதம் வரையிலும்கூட, காய்ச்சல், நெஞ்சுவலி, விழுங்கும்போது வலி, திடீர்ப் பக்கவாத அறிகுறிகள் என்று தலைகாட்டும். பக்கத்துக் கிளினிக்கில் சாதாரணக் காய்ச்சலாக எடுத்துக்கொள்வார்கள். விழுங்க முடியவில்லை என்று எண்டோஸ்கோப்பி செய்தால் அதில் செலுத்தும் காற்று இதயத்துக்குள் புகுந்து உயிருக்கே உலை வைக்கும். செய்ய வேண்டியது மார்பு சி.டி. ஸ்கேன். அன்றைக்கும் கடிகாரம் 'இயல்பான தாளம்' என்றே காட்டிக்கொண்டிருக்கலாம். தூரக் கண்காணிப்பில் இருக்கிறோம் என்ற நிம்மதி, இந்த அறிகுறிகளை அலட்சியம் செய்யக் காரணமாகிவிடக் கூடாது.

கண்காணிப்பை வைத்து எடுக்கும் முடிவுகளில் மிகக் கடினமானது, ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் மாத்திரையை நிறுத்தலாமா என்பது. அப்லேஷனுக்குப் பின் குறைந்தது இரண்டு மூன்று மாதம் எல்லோருக்கும் அது உண்டு. அதன்பின் தொடர்வதா என்பதைத் தாளத்தை வைத்துத் தீர்மானிக்காமல், வயது, சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், முன்பு வந்த பக்கவாதம் ஆகியவற்றைக் கொண்டு தீர்மானிக்கச் சொல்கின்றன வழிகாட்டு நெறிகள். நடுக்கம் போனாலும் மேலறையின் நோய் போய்விட்டதென்று உறுதி இல்லை என்பதே அடிப்படை. 2025இல் இந்த நிலை அசையத் தொடங்கியது. தென்கொரியாவில், அப்லேஷனுக்குப் பின் ஓராண்டாவது நோய் திரும்பாமலிருந்த 840 பேரிடம் நடந்த அலோன்-ஏ.எஃப். ஆய்வில், பக்கவாதமும் பெரிய ரத்தக்கசிவும் சேர்ந்த கணக்கு மாத்திரையை நிறுத்தியவர்களில் 0.3 விழுக்காடாகவும் தொடர்ந்தவர்களில் 2.2 விழுக்காடாகவும் இருந்தது. அதே ஆண்டு வந்த ஓஷன் ஆய்வும், வெற்றிகரமான அப்லேஷனுக்குப் பின், ரத்த உறைவுத் தடுப்பு மருந்தான ரிவரோக்சபானுக்கும் ஆஸ்பிரினுக்கும் இடையே பக்கவாதத் தடுப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாட்டைக் காணவில்லை.

இதற்கு எதிர்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். கருவி மட்டுமே கண்டுபிடித்த, 6 நிமிடம் முதல் 24 மணி நேரம் வரையிலான உணரப்படாத நடுக்கம் உள்ளவர்களிடம் நடந்த ஆர்டீசியா ஆய்வில், அதே வகை மருந்தான அபிக்சபான் பக்கவாதத்தை 37 விழுக்காடு குறைத்தது, ரத்தக்கசிவைக் கூட்டியது. 6,004 பேரிடம் தோலடிக் கருவியால் தேடிப்பார்த்த டென்மார்க்கின் லூப் ஆய்வு, நடுக்கத்தை மும்மடங்கு அளவுக்குக் கண்டுபிடித்தும் பக்கவாதத்தைக் கணிசமாகக் குறைக்கவில்லை. இவை அப்லேஷன் ஆனவர்களிடம் செய்தவை அல்ல என்பதால் அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் ஒன்று தெளிவு: நிறையக் கண்டுபிடிப்பதால் மட்டும் நன்மை வந்துவிடுவதில்லை. கடிகாரம் நடுக்கம் காட்டும்போது மட்டும் மாத்திரை எடுத்துக்கொண்டால் போதுமா என்று அமெரிக்காவில் ரியாக்ட்-ஏ.எஃப். என்ற பெரிய ஆய்வு நடந்துவருகிறது. அதன் முடிவு வரும்வரை அந்த வழியில் யாரும் தாமாக இறங்கக் கூடாது.

அடுத்து, வந்து குவியும் பதிவுகளை யார் படிப்பது? 2023இல் உலகின் நான்கு இதயத்தாளச் சங்கங்கள் இணைந்து, தூரக் கண்காணிப்பில் உள்ள ஒவ்வோர் ஆயிரம் நோயாளிக்கும் குறைந்தது மூன்று முழுநேரப் பணியாளர்கள் வேண்டும் என்று சொல்லின. அப்படிப் படிக்க ஆளில்லாத இடத்தில் தூரக் கண்காணிப்பு என்பது, தகவலைச் சேர்த்துவைத்துக் கவனிக்காமல் விடுவதாகத்தான் முடியும். பதிவு அனுப்பிய நோயாளி, யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்பியிருப்பார்; அந்த நம்பிக்கை பொய்யாவது மிகவும் கொடுமை. நோயாளியின் மனத்துக்கும் இதில் விலை உண்டு. 2024இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், கடிகாரம் அணிந்த ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் நோயாளிகளில் ஐந்தில் ஒருவர், ஒழுங்கின்மை எச்சரிக்கை வரும்போது கடும் பயத்துக்கு ஆளாவதாகச் சொன்னார்.

நல்ல முன்மாதிரியாக எனக்குத் தோன்றுவது 2020 கொரோனாக் காலத்தில் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்டில் தொடங்கி ஐரோப்பிய மையங்கள் பலவற்றுக்குப் பரவிய டெலிசெக்-ஏ.எஃப். திட்டம். தொலைபேசி ஆலோசனைக்கு முந்தைய ஏழு நாள் மட்டும், தினம் மூன்று முறையும் படபடப்பு வரும்போதும் நோயாளி தன் கைப்பேசி கேமராவில் விரலை வைத்து நாடியைப் பதிவு செய்வார். ஆலோசனையில் மருத்துவர் அந்த ஏழு நாளையும் எதிரில் வைத்துப் பேசுவார். ஆலோசனை முடிந்ததும் பதிவும் முடிந்துவிடும். தொடக்கமும் முடிவும் படிக்கும் ஆளும் முன்பே தீர்மானமாகியிருப்பதுதான் அதன் பலம்.

இந்தியாவுக்கு வரும்போது கூடுதல் எச்சரிக்கை தேவை. இந்திய இதயத்தாளச் சங்கத்தின் பதிவேட்டில் இருந்த ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டிருந்தது. சராசரி வயதும் மேலை நாடுகளைவிடக் குறைவு. மேலே சொன்ன அப்லேஷன் ஆய்வுகளின் நோயாளிகள் இவர்கள் அல்லர். வால்வு சுருங்கியவர்களுக்கு மாத்திரையை நிறுத்தும் பேச்சுக்கே இடமில்லை. ரிவரோக்சபானைவிடப் பழைய வார்ஃபரின் வகை மருந்தே இவர்களைக் கூடுதலாகக் காத்தது என்று 2022இல் இன்விக்டஸ் ஆய்வு காட்டியது.

என் முடிவு இது. அப்லேஷன் ஆன எல்லோருக்கும் தோலடிக் கருவி தேவையில்லை. இதயச் செயலிழப்பு உள்ளவர்கள், மாத்திரையை நிறுத்துவதா என்ற முடிவு பதிவையே நம்பியிருப்பவர்கள், காரணம் தெரியாமல் மயங்கி விழுபவர்கள் ஆகியோருக்கு அது செலவுக்கு ஏற்ற பலன் தரும். மற்றவர்களுக்கு, குறிப்பிட்ட சில வாரங்களில் மட்டும் விரல் வைத்து எடுக்கும் 30 விநாடி ஈ.சி.ஜி.யும், அதைப் படிக்கப் பொறுப்பேற்ற ஒருவரும் இருந்தால் போதும்.

அப்லேஷனுக்குப் போகிறவர்கள் வீட்டுக்குக் கிளம்பும் முன் மருத்துவரிடம் இவற்றைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: என் பதிவை யார், எத்தனை நாளுக்குள் பார்ப்பார்? எந்தப் பதிவு வந்தால் என் சிகிச்சை மாறும்? இரவில், விடுமுறை நாளில் எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும்? கடிகாரம் ஆறு மாதம் தொடர்ந்து 'இயல்பு' என்று காட்டினாலும், ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரையை உங்கள் மருத்துவர் சொல்லாமல் ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள்.